வலது கீழ் மூலையில் ஒரு பெயர்

டுசல்டோர்ஃப்
10 மார்ச் 1968

சௌபாக்கியவதி வேதவல்லிக்கு அக்கா நாகலட்சுமியின் ஆசிகள்.

நானும் பாஸ்கரனும் மருமகள் கிரிஜாவும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால்கள் மட்டும் இந்த ஊர்க் குளிரோடு இன்னும் சமாதானமாகவில்லை. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தருகிறாரா, இல்லை நீதான் அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறதா?

இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரும் சத்தம் போடக் கூடாது. ஆணி அடிப்பதற்குக்கூட விதி உண்டு. நல்ல விதி. சென்ற ஞாயிறு சரியாக இரண்டு மணிக்கு எங்கள் தலைக்கு மேலே சுத்தியல் சத்தம். கூரைக்கடியில் உள்ள சின்ன அறையில் ஒரு மெக்சிகோப் பெண் குடியிருக்கிறாள். "விடும்மா, நமக்கென்ன" என்றான் பாஸ்கரன். நான் விடவில்லை. முழங்காலைத் திட்டிக்கொண்டே இரண்டு மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சீப்பைக் காணாத தலை, சாயம் படிந்த ஆண்பிள்ளைச் சட்டை, கையில் சுத்தியல். தரையெல்லாம் பிஸ்கட் டப்பாக்கள். அவற்றை வெட்டிப் பிரித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்றைக்கு என்ன கிழமை தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சனிக்கிழமைதான் கடையில காலி டப்பா தர்றாங்க. நான் வேற என்னைக்குத் தட்டுறது, தோன்யா?" என்றாள். தோன்யா என்பது அவர்கள் மொழியில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லாம். மரியாதை சொல்லோடு நின்றுவிட்டது, உட்காரச் சொல்லவில்லை.

அவள் பெயர் எஸ்தேலா. அவள் ஊரில் ஆபத்திலிருந்து தப்பியவர்கள் அந்தக் காட்சியை ஒரு தகரத் தகட்டில் வரையச் சொல்லி, என்ன நடந்தது என்பதைக் கீழே எழுதி, பெயரும் தேதியும் போட்டு மாதா கோயிலில் மாட்டுவார்களாம். வேளாங்கண்ணியில் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து வைப்பதில்லையா, அந்த மாதிரி. இங்குள்ள ஆலைகளில் வேலை செய்யும் ஸ்பானியர்களும் இத்தாலியர்களும் கேள்விப்பட்டு இவளிடம் வருகிறார்கள். இதுதான் அவள் பிழைப்பு.

நான் யாரையும் சும்மா புகழ்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றபடியே இருந்தேன். ஆனால் கீழே எழுத்து! கோழி கிளறிய குப்பை. அதைச் சொல்லியும் விட்டேன். "அப்படின்னா நீங்களே எழுதுங்களேன்" என்று தூரிகையை நீட்டினாள். வாங்கி எழுதினேன். ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்து எழுத்துதானே.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. குளிருக்கு நடுவே இதை எழுதி முடித்த கைக்குக் கொஞ்சம் சூடு வந்திருக்கிறது.

நாகலட்சுமி


திருச்சிராப்பள்ளி
2 ஏப்ரல் 1968

அன்புள்ள அக்காவுக்கு வேதாவின் நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் நலம். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, வெயில்தான் ஏறியிருக்கிறது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் அனுப்பட்டுமா என்று இவர் கேட்கச் சொன்னார். தபாலில் கசிந்து ஜெர்மனி முழுவதும் மணக்குமே என்று நான்தான் தடுத்தேன்.

அறுபத்தாறு வயதில் தகரத்தில் எழுதக் கிளம்பிவிட்டாயா! படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நம் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகைக்கும் உறைமேல் விலாசம் எழுதுவது நீதான். உன் கையெழுத்து இருந்தால்தான் பத்திரிகைக்கே களை என்பார்கள். அத்திம்பேர் போன பிறகு நாலு வருஷத்தில் ஒருவரும் உன்னிடம் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவரவில்லை. மஞ்சள் தடவிய உறையை நீ தொடக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். நம் ஒன்றுவிட்ட தங்கை சாந்தாகூடத் தன் மூத்தவள் கல்யாணத்துக்கு அச்சகத்துக் குமாஸ்தாவை வைத்து எழுதினாள். நான் அவள் வீட்டில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை உனக்கு இதுவரை எழுதவில்லை.

எழுது அக்கா. நிறைய எழுது. அந்தப் பெண்ணைச் சாப்பிடச் சொல். நீ எழுதியதிலிருந்தே ஒல்லி என்று தெரிகிறது.

உன் அடுத்த உறையின் மேல் என் பெயரைப் பார்க்கக் காத்திருக்கும்
வேதா


டுசல்டோர்ஃப்
20 மே 1968

சௌபாக்கியவதி வேதாவுக்கு ஆசிகள்.

சுகத்துக்குக் குறைவில்லை. நல்லெண்ணெய் வேண்டாம் என்று உன் வீட்டுக்காரரிடம் நன்றியோடு சொல். சாந்தா விஷயம் எனக்குத் தெரியும். குமாஸ்தா 'திருவாளர்' என்பதில் துணைக்காலை மறந்துவிட்டான் என்பதும் தெரியும்.

வாரத்தில் நான்கு நாள் எஸ்தேலா எங்கள் சமையலறை மேசைக்கு வருகிறாள். அவள் வரைகிறாள், காய்ந்ததும் நான் எழுதுகிறேன். சென்ற வாரம் அன்செல்மோ என்ற ஸ்பானியருக்கு ஒரு தகடு. ஆலையில் பளுதூக்கியின் கொக்கி முறிந்து இரும்புக் கட்டு அவருக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இரண்டு விரல் போயிற்று, உயிர் நின்றது. எஸ்தேலா ஆலையைத் தீப்பெட்டி அளவுக்கு வரைந்து, புகைபோக்கியின் உச்சியில் நீல அங்கியோடு மாதாவை நிறுத்தினாள். புகை மாதாவின் மேல் படாமல் ஒதுங்கிப் போகிறது. அன்செல்மோ பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், "ஆமா, இப்படித்தான் இருந்துது" என்றார். அவர் அங்கே மாதாவைப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

"உன் பெயர் எங்கே?" என்று எஸ்தேலாவைக் கேட்டேன்.

"நன்றி சொல்றவங்க பேருதான் இருக்கணும், தோன்யா. தபால்காரன் கடுதாசியில கையெழுத்துப் போடுவானா?"

"இது தபால்காரன் வேலை இல்லை."

"எங்க ஊர்ல அப்படித்தான். போட்டவளுக்குப் பேரு கிடையாது."

எனக்கு அப்படி இல்லை. கான்வென்டில் காப்பி நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது கீழ் மூலையில் எழுதியவர் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் மதர் ஜோசபின் அந்தப் பக்கத்தைத் திருத்தவே மாட்டார். எழுத்துக்கு எழுதியவர் பொறுப்பு. ஆகவே நான் எழுதுகிற ஒவ்வொரு தகட்டிலும் அந்த மூலையில் கடுகளவு எழுத்தில் என் பெயரை N. சேதுராமன், 1968 என்று ஆங்கிலத்தில் போடுகிறேன். எஸ்தேலா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

இங்கே ஓர் ஓவிய ஆசிரியரிடம் இரண்டு வருஷம் படித்திருக்கிறாள். அவர் இந்தத் தகடுகளைச் சந்தைச் சரக்கு என்றாராம். அன்றைக்கே வகுப்பை விட்டுவிட்டாள். பிறகு யாரையோ நம்பியிருந்திருக்கிறாள், அவனும் போய்விட்டான். இதையெல்லாம் அடுத்தவள் கதையைப் போலச் சொல்கிறாள். மாடி ஏறும்போது நடுவில் இரண்டு தரம் உட்காருகிறாள். சிகரெட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். தூரிகை கழுவ வேண்டும், நிறுத்துகிறேன்.

நாகலட்சுமி


டுசல்டோர்ஃப்
3 நவம்பர் 1968

சௌபாக்கியவதி வேதாவுக்கு ஆசிகள்.

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒன்று. ஐந்து மாதம் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

கோடையில் எஸ்தேலாவுக்கு வேலை ஓயவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் அவள் நாட்டுத் தலைநகரில் மாணவர் கூட்டத்தின்மேல் சுட்டார்கள். அவள் தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான். பதினாறு நாள் தகவல் இல்லை. பிறகு சிறையில் இருப்பதாகத் தந்தி வந்தது. அந்தப் பதினாறு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வரைந்துகொண்டே இருந்தாள். சின்ன வயதில் வந்த முடக்குக் காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறதாம். முன்பே இரண்டு முறை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். இப்போது ஓட முடியாமல் படுத்திருக்கிறாள். தினமும் குடுவையில் ரசம் கொண்டுபோகிறேன். மிளகு போதாது என்கிறாள்.

இன்னொரு செய்தி. ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஓர் ஊரின் அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் லிண்ட்னர் என்பவர் வந்தார். அன்செல்மோவின் தொழிலாளர் மன்றத்தில் மாட்டியிருந்த தகடுகளைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தார். மிக மரியாதையான மனிதர். இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார். மே மாதம் கண்காட்சி வைக்கப்போகிறாராம். அதைப் பற்றிச் செய்தித்தாளிலும் வந்தது. துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். புகைப்படத்தில் என் புடவைத் தலைப்பு சரியாக விழவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தீபாவளி நன்றாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நாகலட்சுமி


திருச்சிராப்பள்ளி
25 நவம்பர் 1968

என் அக்காவுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

நலம், நலம், நலம்! இரத்த அழுத்தம் ஏறியிருந்தாலும் கவலையில்லை, காரணம் நீ!

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் சேஷாத்ரி ஜெர்மன் படித்தவர். துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வரி படிப்பார், கண்ணாடியைத் துடைப்பார், மறுபடி படிப்பார். "ஆலைத் தொழிலாளரின் அற்புதங்களை வரையும் இந்திய விதவை, ஓவியர் நாகலட்சுமி சேதுராமன்" என்று போட்டிருக்கிறதாமே! நீ வரையவும் செய்கிறாயா? ஒரு வார்த்தை எழுதவில்லையே, கள்ளி!

துண்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினோரு வீடு ஏறினேன். கடைசியாகச் சாந்தா வீடு. அவள் மெதுவாகப் படித்தாள். நானும் மெதுவாகக் காப்பி குடித்தேன். பிறகு தானாகவே சொன்னாள்: "எங்க சின்னவ பாமாவுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கோம். நாகு அக்கா வந்து முன்வரிசையில உக்காரணும். வெளிநாட்டுப் பேப்பர்ல வந்தவங்கள எங்க உக்கார வெக்கிறதுன்னு எனக்குத் தெரியாதா?"

அக்கா, முன்வரிசை. அவள் வாயால் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சந்தோஷத்தில் வேகமாக எழுதுகிறேன், எழுத்து உனக்குப் பிடிக்காது, மன்னித்துக்கொள்.

வேதா


டுசல்டோர்ஃப்
6 ஜனவரி 1969

சௌபாக்கியவதி வேதாவுக்கு ஆசிகள்.

எல்லோரும் சுகம். பனி முழங்கால்வரை விழுந்திருக்கிறது. கிரிஜா வழுக்கி விழுந்தாள், எலும்புக்கு ஒன்றுமில்லை. சாந்தாவுக்கும் பாமாவுக்கும் என் ஆசிகளைச் சொல்.

எஸ்தேலா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். பிப்ரவரி பன்னிரண்டு அறுவைக்கு நாள் வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிறது. பிறகு எழுதுகிறேன்.

நாகலட்சுமி


திருச்சிராப்பள்ளி
2 பிப்ரவரி 1969

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

கிரிஜாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? இங்கே இவருக்குச் சளி, மற்றவர்கள் சுகம்.

நாலு பக்கம் எழுதுகிறவள் நாலு வரி எழுதியிருக்கிறாய். ஒரு விஷயம் கேட்கிறேன், கோபிக்காதே. நேற்று உன் பழைய கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மே மாதக் கடிதத்தில் 'அவள் வரைகிறாள், காய்ந்ததும் நான் எழுதுகிறேன்' என்று இருக்கிறது. துண்டில் அந்தப் பெண்ணின் பெயர் உண்டா என்று சேஷாத்ரியிடம் மறுபடி கேட்டேன். இல்லை என்றார். மூன்று தரம் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

பேப்பர்காரன் தப்பாகப் போட்டானா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா? நீ சொல்வதுதான் எனக்குக் கணக்கு.

பன்னிரண்டாம் தேதி அந்தப் பெண்ணுக்காகச் சமயபுரத்தில் விளக்கு போடுகிறேன்.

வேதா


டுசல்டோர்ஃப்
2 மார்ச் 1969

சௌபாக்கியவதி வேதாவுக்கு ஆசிகள்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எஸ்தேலா பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில் இறந்துவிட்டாள், அறுவைக்கு முந்தின நாள். வயது இருபத்தாறு. நீ விளக்கு போட்டபோது அவள் இல்லை. அடக்கத்துக்கு எண்பது பேர் வந்தார்கள். பாதிப்பேர் வேலை உடையோடு வந்தார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். பேப்பர்காரன் தப்பாகப் போட்டான். அந்தத் தப்பை நான் போட விட்டேன். இரண்டையும் எழுதுகிறேன், முழுதாகப் படி.

லிண்ட்னர் அன்று கதவருகே நின்று தலை தாழ்த்தி, "தகடுகளின் ஓவியரைச் சந்திப்பதில் பெருமை" என்றார். நன்றி சொன்னவர் பெயரை விட்டால் தகடுகளில் இருக்கும் ஒரே பெயர் என்னுடையது. அதைப் பார்த்துத்தான் வந்தார். அவர் என்ன நினைத்திருக்கிறார் என்பது முதல் வாக்கியத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. திருத்த ஒரு வார்த்தை போதும். நான் தேநீர் ஊற்றினேன். நாலு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் தூண் மறைவில் உட்கார்ந்தவள், வேதா. ஒருவர் என்னைத் தேடி இரண்டு மாடி ஏறி வந்து தலை தாழ்த்தினார். இது காரணம். நியாயம் இல்லை.

பாஸ்கரன் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, "பேப்பர்னா அப்படித்தான்மா, விடு" என்றான். கிரிஜா மட்டும் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "புகைபோக்கி மேல மாதாவ நிக்க வெச்சது யாருன்னு அவர் கேக்கவே இல்லையா, அத்தே?" என்றாள். நான் துண்டை மடித்து உனக்கு எழுதிய உறைக்குள் வைத்தேன்.

டிசம்பரில் ஒரு நாள் நானே எஸ்தேலாவிடம் என்னிடமிருந்த இன்னொரு துண்டைக் காட்டினேன். படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாள்.

"அப்ப நான் நல்லாத்தான் போட்டிருக்கேன் போல, தோன்யா நாகா! உங்களுக்கே ஆசை வந்துடுச்சே!"

"திருத்திவிடுகிறேன்" என்றேன்.

"வெச்சுக்கோங்க. நான்தான் சொன்னேனே, எங்களுக்குப் பேரு கிடையாதுன்னு."

நான் எழுந்து கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"திருத்தறதா இருந்தா மொத்தமா போடுங்க. எஸ்தேலா மொந்தெஸ் ரிவாஸ். கடைசில வர்றது எங்கம்மா பேரு."

அப்படியானால் ஆசை அவளுக்கும் இருந்தது. நான் மறுநாளே லிண்ட்னருக்கு எழுதியிருக்க வேண்டும். புது வருஷம் போகட்டும், பனி விடட்டும், அறுவை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். உன் முன்வரிசைக் கடிதம் என் தலையணைக்கடியில் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் லிண்ட்னரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புன்னகையோடு, "உங்கள் தன்னடக்கம் அழகானது" என்றார். என் வாழ்க்கையில் அந்தக் குற்றச்சாட்டை முதல் முறையாகக் கேட்டேன். பெரிய ஓவியர்கள் துக்கத்தில் இப்படிச் சொல்வதுண்டாம். மன்றத்திலிருந்து எடுத்த இருபத்துமூன்று தகட்டிலும் என் பெயர். அவள் பெயர் ஒன்றிலும் இல்லை. கண்காட்சிப் புத்தகம் ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் சான்று இருந்தால் மாற்றுவார். இல்லையென்றால் என் பெயர். நான் ஒரேயடியாக மறுத்தால் 'பெயர் தெரியாத கைவினை' என்று போடுவார்.

இரண்டையும் நான் நடக்க விடப்போவதில்லை.

பதினோரு வீட்டிலும் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

நாகலட்சுமி


திருச்சிராப்பள்ளி
18 ஏப்ரல் 1969

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

இங்கே நலம். ஆறு வாரம் உனக்கு எழுதவில்லை. உன்மேல் கோபமில்லை என்று எழுத இரண்டு தரம் காகிதம் எடுத்தேன். பொய் எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும். கோபம்தான். துண்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பெண்ணை நினைத்தும் அழுகை வந்தது. முகம்கூட எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் காலையில், உன் கடிதத்தை நானும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. நீ நாலு மாதம் செய்ததைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். குளித்துவிட்டு, துண்டையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதே பதினோரு வீடு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து சொன்னேன்: "முன்னாடி சொன்னது தப்பு. படம் போட்டது எஸ்தேலான்னு ஒரு பொண்ணு. எங்கக்கா எழுதினது மட்டும்தான்." ஒன்பது வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள்.

சாந்தா என்ன சொன்னாள் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். "ஓ, எழுத்து மட்டும்தானா?" என்றாள்.

"ஆமா. உன் கல்யாணத்துக்கு முந்நூறு உறை எழுதினாளே, அதே எழுத்து. அப்ப இனிச்சுது, இப்ப மட்டும் எப்படி மட்டமாச்சு?" என்றேன்.

உள்ளேயிருந்து பாமா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "என் பத்திரிகைக்கு நாகு பெரியம்மாதான் எழுதணும். பேப்பர்ல வந்ததுக்காக இல்ல. தப்புன்னு அவங்களே எழுதிப் போட்டாங்களே, அதுக்காக" என்றாள். "மஞ்சள் தடவுறது யாரு?" என்று சாந்தா இழுத்தாள். "அதையும் அவங்களே தடவட்டும்" என்றாள் பெண்.

இருநூறு உறை வருகிறது. மஞ்சள் கிழங்கும் வைத்திருக்கிறேன், ஜெர்மனியில் கிடைக்குமோ என்னவோ.

சான்று கிடைத்ததா? கிடைக்கவில்லையென்றால் அந்த லிண்ட்னருக்கு நான் எழுதட்டுமா? சேஷாத்ரி மொழிபெயர்ப்பார்.

வேதா


டுசல்டோர்ஃப்
1 ஜூன் 1969

என் தங்கை வேதாவுக்கு, ஆசியோடு நன்றியும்.

நாங்கள் எல்லோரும் சுகம். உறைகள் வந்தன. ஐம்பது எழுதிவிட்டேன். நீ லிண்ட்னருக்கு எழுத வேண்டிய தேவை வரவில்லை. வந்திருந்தால் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பேன்.

மார்ச் முழுவதும் தகடு வைத்திருப்பவர்களைத் தேடிப் போனேன். அன்செல்மோ ஒவ்வொரு ஞாயிறும் துணைக்கு வந்தார். ஒவ்வொருவரையும் யார் வரைந்தது, எங்கே, எப்போது என்று எழுதித் தரச் சொன்னேன். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் என்னையே எழுதச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். என் எழுத்தால் வந்த குழப்பம் போதும். அன்செல்மோ மூன்று விரலால் முக்கால் மணி நேரம் எழுதினார். நான் ஒரு கோணல் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று உனக்குத் தெரியும்.

லிண்ட்னர் படித்தார். "நண்பர்களின் சாட்சி" என்று இழுத்தார். மேலும் வேண்டும் என்றார்.

எஸ்தேலாவின் பழைய தகடுகள் ஹம் என்ற ஊரில் இருப்பதாக அன்செல்மோ கேள்விப்பட்டார், ஏப்ரலில் பயணிகள் ரயிலில் கிளம்பிப் போனோம். அங்கே கம்பி ஆலையில் வேலை செய்யும் கிழவர் பெனித்தோவின் கட்டிலுக்கு மேலே ஒரு தகடு தொங்கியது. உலைக் கதவு திறந்து தீ வெளியே பாய்கிறது. பெனித்தோ கையில் நீண்ட உலைக் கரண்டியோடு பின்னால் சாய்கிறார். தீயின் நுனியை மாதா ஒரு விரலால் மடக்குகிறாள். கீழே கோணல் எழுத்து. தேதி 1966. நான் அப்போது திருச்சியில் இருந்தேன். வலது கீழ் மூலை காலி.

"இதை யார் வரைந்தது?" என்று கேட்டேன், கிழவர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காக.

"வேற யாரு, எஸ்தேலாதான். நான் வெச்ச சூப்பக் குடிக்கல, என் மீசைய மட்டும் மூணு தடவ அழிச்சு அழிச்சுப் போட்டா. அவ்ளோ பெரிய மீசை எனக்கு இல்லவே இல்லம்மா!"

இருந்தது. அதைவிடப் பெரியதாக இருந்தது.

அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமாகப் பதினெட்டுத் தகடுகள் கிடைத்தன. எல்லாம் நான் இந்த நாட்டுக்கு வருமுன் வரைந்தவை. பெனித்தோவே தன்னுடையதைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். லிண்ட்னர் பழையது ஒன்று, புதியது ஒன்று என்று மேசையில் ஜோடியாக வைத்து, பூதக்கண்ணாடியால் கால் மணி நேரம் பார்த்தார். அதே மாதா, அதே விரல், ஒதுங்கிப் போகும் அதே புகை. கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"திருமதி சேதுராமன், தவறு என்னுடையது" என்றார்.

"முதல் தவறு என்னுடையது. உங்களுடையது இரண்டாவது. வரிசையைச் சரியாக வையுங்கள்" என்றேன்.

கண்காட்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி அச்சுக் கோத்தார்கள். இப்போது அதில் இருப்பது: ஓவியம், எஸ்தேலா மொந்தெஸ் ரிவாஸ், பிறப்பு புவேப்லா 1942, இறப்பு டுசல்டோர்ஃப் 1969. அதன் கீழே சிறிய எழுத்தில்: 1968இலிருந்து எழுத்து, N. சேதுராமன். என் பெயரையே நீக்கிவிடட்டுமா என்று லிண்ட்னர் கேட்டார். ஏன் நீக்க வேண்டும்? இல்லாததை மறுத்தேன், இருப்பதை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? அச்சுப்படியை நான்தான் நான்கு முறை பார்த்தேன். இரண்டு பிழை பிடித்தேன். அந்தப் பழைய செய்தித்தாளும் திருத்தம் வெளியிட்டது. துண்டு இத்துடன். சேஷாத்ரியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல். அவள் தாய்க்கும் தம்பிக்கும் புத்தகம் விமானத் தபாலில் போயிருக்கிறது. சிறைக்குள் விடுவார்களா தெரியாது. விடும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

மே இருபத்துநாலு, சனிக்கிழமை திறப்பு. பெரிய வெள்ளை மண்டபம், நாற்பத்தொரு பிஸ்கட் டப்பாத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. எஸ்தேலாவின் முன்னாள் ஓவிய ஆசிரியரும் வந்திருந்தார். சந்தைச் சரக்கு என்றவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒன்றரை மணி நேரம் பார்த்தார். நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். தொழிலாளர்கள், முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, மறுபக்கம் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் தொழிலாளர்களோடு நின்றேன்.

லிண்ட்னர் பேசினார். கடைசியில், தகடு தந்தவர்களுக்கு நன்றி சொல்ல அவர்கள் பெயர்களைப் படித்தார். முதல் பெயர் அன்செல்மோ. பெயரைக் கேட்டதும் அவருக்கு வேலைநேர வரிசை நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்து நின்று, "ப்ரெசெந்தே!" என்றார். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த பெயருக்கு உரியவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பத்தாவது பெயருக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு குரல்.

பிறகு லிண்ட்னர் காகிதத்தை மடித்துவிட்டு, பார்க்காமலே சொன்னார்: "ஓவியர், எஸ்தேலா மொந்தெஸ் ரிவாஸ்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்னாலிருந்து பெனித்தோவின் கட்டைக் குரல் வந்தது.

"ப்ரெசெந்தே!"

அவ்வளவுதான். சுவரோடு நின்றிருந்த அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள், வேதா. பாஸ்கரன் சொன்னான். கிரிஜா அழுதுகொண்டே சொன்னாள். விளக்குகள் அதிர்ந்தன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மற்றபடி நான் சுகம். ஒரு வாரமாகத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. சளி இல்லை, மருந்து ஒன்றும் அனுப்பாதே. அன்றைக்குச் சத்தம் போட்டதால் வந்தது.

உன் அக்கா
நாகலட்சுமி